கூப்பிட்ட பேர்

வேனில் ஸ்டியரிங் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர் கண்ணாயிரம். அவர் பக்கத்தில் நான், காலடியில் மண்ணெண்ணெய் அடுப்பு. பின்னால், பலகை அடித்துப் போட்ட படுக்கையில், மகள் எழில்மதி. அவள் மடியில் தலைவைத்து நாய்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் கீழே ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னசேலம் சவாரி நின்றுபோனது. மலை ரோட்டில் மறியல் இல்லை என்றதும், "வண்டி சும்மாதான நிக்குது, மேல போய்ப் படுத்துக்கினு வரலாம்" என்று வேனில் பாய், சட்டி, அரிசி எல்லாம் ஏற்றினார். தெருவே "வூட்டு வண்டி" என்று சிரித்தது.

கல்வராயன் மலை ஏறும்போது இவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "எங்கப்பாவ அறுபது வயசுல ஆபீசுல ஒரு பையன் 'டேய்'னு கூப்ட்டான். அத்தக் கேக்கத்தான் இந்தப் போராட்டம், தெரியுமா?"

ஓடைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நிறுத்தி உலை வைத்தோம். தோளில் கோடரியோடு ஒருவர் வந்தார். கள்ளக்குறிச்சிச் சந்தைக்குத் தேன் கொண்டுவரும் வேடியப்பன். ஏழு மாதத்துக்கு முன் இந்த நாயைக் குட்டியாகக் கூடையில் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். "குடுத்தவன் பேரே இருக்கட்டும்" என்று அன்றைக்கு இவர் நாய்க்கு வேடி என்று பேர் வைத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"நல்லா வளந்துடுச்சிங்களே! பேரு இன்னா வெச்சீங்க?"

"டைகரு," என்றார் இவர் சட்டென்று. "உக்காருய்யா, டீ குடி."

"டைகரு, வா, வா." அவர் கூப்பிட்டும் நாய் திரும்பவில்லை.

"மலைக் காத்துல காது அடச்சிக்கிச்சி போல," என்று இவர் சிரித்தார். எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாய் ரோட்டில் எதையோ மோந்துகொண்டு நின்றது. வளைவில் ஜீப் ஒன்று வேகமாக இறங்கியது. எழில்மதி கத்தினாள்: "வேடி! டேய் வேடி, வாடா இங்க!"

நாய் ஓடி வந்துவிட்டது. தன் பேர் காதில் விழுந்து வேடியப்பனும் டீ டம்ளரோடு எழுந்து நின்றிருந்தார்.

ஜீப் போய்விட்டது. இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "பாப்பா வெச்சதுங்க. சின்னப் புள்ள, தெரியாம வெச்சிடுச்சி."

அதுவரை 'குடி' என்றவர் அப்போதுதான் 'ங்க' போட்டார்.

"நீயா வெச்ச கண்ணு?"

எழில்மதி அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "ஆமா," என்றாள்.

நான் உலையைக் கிளறிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

"பரவால்லீங்க. எங்க சாமி பேருதான்," என்றார் அவர். ஒருமுறை மெதுவாக, "வேடி," என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் காலை நக்கியது. டம்ளரை ஓடையில் கழுவி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

தங்கவில்லை. பொழுது சாயுமுன் இறங்கிவிட்டோம். வழியெல்லாம் யாரும் நாயைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காகிதம் எடுத்தேன். தெருவில் பாதிப்பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான்தான். "யாருக்கு?" என்றார் இவர். சொன்னேன். "தேன் ரெண்டு பாட்டில் வேணும்னு சேத்து எழுது," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வேடியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. அவர் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் பத்துப் பேர் நடுவில் படித்துக் காட்டுவார். நாய்க்கு அவர் பேர் வைத்தோம் என்று எழுதினால் ஊரே கேட்கும். இரண்டு தாள் வீணானது. மூன்றாவதில் இவ்வளவுதான் எழுதினேன்:

"மரியாதைக்குரிய வேடியப்பன் அவர்களுக்கு. அன்று ஓடைப் பக்கத்தில் எங்கள் மகள் ஒப்புக்கொண்டது அவள் செய்ததல்ல. செய்தவர் அவள் அப்பா. இத்தனை மாதமும் நானும் அப்படியே கூப்பிட்டேன். அன்று வாய் திறக்காததும் நான்தான்."

தேனைப் பற்றி எழுதவில்லை. சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, இவர் திரும்புமுன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.