சிட்டு கையில் ஒரு மணி

நூலகத்தின் கீழ்த்தளத்தில் வாராவாரம் கதை சொல்லும் கதையக்கா கூடையைத் திறந்ததுமே பதினான்கு பொடிசுகளும் தலைகால் புரியாமல் குதித்தன. பின்னே? உள்ளே பயறு நிரப்பிய பாட்டில்கள், தட்டுக் குச்சிகள், பொம்மை முரசு, ஒரே ஒரு வெண்கல மணி! சட்டம் ரொம்ப எளிது. யார் வாயிலிருந்து வந்தாலும் சரி, ‘மழை’ என்றால் பாட்டிலைக் குலுக்க வேண்டும், ‘கதவு’ என்றால் குச்சியைத் தட்ட வேண்டும், ‘கரடி’ என்றால் முரசு. மணி ‘தேன்’ என்ற சொல்லுக்கு. அது கதையின் கடைசி வரியில்தான் வரும். அவ்வளவு நேரம் யார் பொறுப்பது? மூன்று வயதுச் சிட்டு மட்டும் கை நீட்டி மணியை வாங்கிக்கொண்டாள்.

கதையக்காவுக்கு உள்ளுக்குள் உதறல்தான். போன வாரமே தலைமை நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார்: “மேல்மாடியில படிக்கிறவங்ககிட்டருந்து இன்னொரு புகார் வந்துச்சுன்னா, கூடை அலமாரிக்குள்ள போயிடும். சாவி என்கிட்டதான்.” கூடை இல்லாமல் ஒரு வருஷம் கதை சொல்லிப் பார்த்தவள் அவள். மூன்றே குழந்தைகள் வந்தார்கள். அதிலும் ஒன்று தூங்கிப்போயிற்று.

அடக்கி வாசிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தாள். நடக்கிற காரியமா அது? கரடி மழையில் நனைந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசிக் கதவுக்கு வருவதற்குள் கூரையே பிய்த்துக்கொண்டு போகும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஒருக்களித்திருந்த அறைக்கதவு படீரென்று சுவரில் மோதியது. தலைமை நூலகர்! முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“என்னம்மா இது? கதவையாவது சாத்தி…”

டக் டக் டக்!

அவர் திடுக்கிட்டார். “மேல படிக்கிறவங்க, ஆலங்கட்டி மழையான்னு கேக்கிறாங்க…”

சலசலசல!

“நிறுத்துங்க! நான் இங்க கரடியாக் கத்துறேன்…”

டமடமடம!

கதையக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் போச்சு. அவர் கூடையைத் தூக்கினார். “எல்லாத்தையும் இதுல போடுங்க.”

பொடிசுகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டன. சிட்டு மட்டும் அசையவில்லை. மணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“போடும்மா.”

“என் வார்த்தை இன்னும் வரலை,” என்றாள் சிட்டு. உதடு பிதுங்கிவிட்டது.

அவர் கதையக்காவைப் பார்த்தார். அவள் எட்டி அந்தச் சொல்லை அவர் காதோடு சொன்னாள். மனுஷன் கூடையை இடுக்கியபடியே சிட்டுவிடம் குனிந்தார்.

“தேன்.”

டிங்!

சிட்டுவின் முகமெல்லாம் பல். அவருக்கு என்ன ஆயிற்றோ! “தேன்!” டிங்! “தேன் தேன் தேன்!” டிங் டிங் டிங்! சிட்டு சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். கதையக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

அவர் கூடையைக் கீழே வைத்ததுதான் தாமதம், பொடிசுகள் பாய்ந்து அள்ளிக்கொண்டன. “மேல நான் பேசிக்கிறேன். கூடை இங்கயே இருக்கட்டும்,” என்று தொண்டையைச் செருமினார். “ஆனா இனிமே அந்த… இதை… சாத்திக்கணும்.” கையால் காற்றில் நீளக் கட்டம் போட்டுக் காட்டினார். குச்சிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். ம்ஹூம், சொல்லவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

போனவர் திரும்பி வந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“கதவு!” என்று கத்திவிட்டு, படியேறி ஓடினார்.