தள்ளிப்போன நாள்கள்

வீட்டின் பின்பக்கம் பழைய புடவைகளைக் கட்டி மறைத்து, பாப்பாத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள் மஞ்சு. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. போன வருஷம்கூட, மஞ்சு ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கையில் டேப்பு பத்தாது என்று சிரித்தவள்.

"மெதுவா ஊத்துங்க" என்றாள் மஞ்சு. இனி வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை.

ஊற்றிக்கொண்டிருந்தது எதிர்வீட்டு ரூபா.

பாப்பாத்திக்கு பங்காருபாளையத்து மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் வேலை. நாற்பதைத் தாண்டியதும் மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. வராமலே இருக்கும், வந்தால் நிற்காது. ரூபாதான் பொடி அரைத்துக் கொடுத்தாள். சோயா, ஆளிவிதை, தண்ணீர்விட்டான் கிழங்கு.

"நம்ம உடம்புல சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் மாதிரியே செடியிலயும் ஒண்ணு கீதுக்கா. பால்ல கலக்கிக் குடி, சரியாப் பூடும்."

ரூபா அதைக் குடித்துத்தான் தேறியிருந்தாள். அதில் பொய்யில்லை. பாப்பாத்திக்கும் சில மாதம் ஒழுங்காக வந்தது. அந்தச் சந்தோஷத்தில், திருப்பதியில் தையல்கடை வைத்திருந்த தங்கைக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். மஞ்சுவும் குடித்தாள்.

பிறகு பாப்பாத்திக்கு மறுபடி ரத்தம் போக ஆரம்பித்தது. ஒரு ஸ்பூனை இரண்டாக்கினாள். மஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "மாங்கா சீசன் முடியட்டும்டி" என்பாள். சீசன் முடிந்தபோது அவளால் படியேற முடியவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கர்ப்பப்பையில் கேன்சர், பரவிவிட்டது என்றார்.

"பொடியாலயா மேடம்?" என்று கேட்டாள் மஞ்சு.

"அதாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா ரத்தம் ஏன் போவுதுன்னு பாக்காம அதையே குடிச்சிக்கினு இருந்தாங்களே, அந்த நாளெல்லாம் போச்சு."

ரூபா குனிந்து பாதத்துக்கு ஊற்றினாள். "யாரும் என்னை ஒண்ணும் கேக்கல, மஞ்சு. நீயாச்சும் திட்டேன்."

மஞ்சு அக்காவின் விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப்புடவை சுற்றித் தூக்கும்போதுதான் தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. தண்ணீர் அப்படிச் சுடாது. போன வாரம்தான் ரத்தப்போக்கு நின்றிருந்தது. சொன்னால் விலகி நிற்கச் சொல்வார்கள். அக்காவுக்கு வாய்க்கரிசி போட முடியாது. மஞ்சு கால்களை இறுக்கிக்கொண்டாள்.

"ஆச்சாம்மா?" புடவை மறைப்புக்கு வெளியிலிருந்து அக்கா புருஷன் பூவராகவன் கேட்டார். "வண்டி வந்துட்சி."

"ஆச்சு மாமா."

அரிசி போட்டாள். பறைச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. ஆண்கள் எல்லோரும் போய்விட, பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மாற்றுப்புடவையில் வந்த மஞ்சுவைப் பின்னாலிருந்து பார்த்த ரூபா, துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"புடவையில ரத்தம்டி."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். நின்னு நின்னு வருது."

ரூபா அவள் கையைப் பிடித்தாள். "கெளம்பு. சித்தூருக்குப் போய் காட்டிட்டு வந்துரலாம்."

"இன்னிக்கு எப்பிடிக்கா? சாவு வீட்ல... கருமாதி முடியட்டும்."

"முடியட்டும் முடியட்டும்னுதான அவ போய்ச் சேந்தா!"

கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரூபா தன் வீட்டுக்கு ஓடி, தானும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு புடவையோடு வந்தாள். மஞ்சு அதை வாங்கி மேலேயே சுற்றிக்கொண்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள்.

சித்தூர் பஸ் கூட்டமில்லாமல் வந்தது. ஈரத் தலைகளைப் பார்த்த கண்டக்டர் முன்சீட்டைக் காட்டினார்.

மஞ்சு உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரூபாவும் பக்கத்தில் நின்றாள். காலி சீட்டின் மேல் இருவர் கூந்தலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.