அடி அண்ணாமலையின் சிவப்புப் புள்ளி

அந்தப் புள்ளி கடுகளவுதான். அதற்காக அடி அண்ணாமலை வேடியப்பனுக்கு இரண்டு பல்லும், டவுன் விமல்ராஜுக்கு ஒரு மணிக்கட்டும் போயின. மலிவு என்று சொல்ல முடியாது.

இருவரும் பம்பை அடிப்பவர்கள். புள்ளியை வைத்த தேவிப்ரியா வேங்கிக்காலில் வளர்ந்தவள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை. எந்த ஊர்த் தாளம் எந்த நாட்டுப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று உலக வரைபடத்தில் கோடு இழுப்பது அவள் தொழில். மூன்று அடி, ஒரு விக்கல், மறுபடி இரண்டு அடி என்று போகும் ஒரு பம்பைத் தாளம் பெர்லின், லாகோஸ், சாவோ பாலோ பக்கத்துப் பாட்டுகள் நாற்பத்தொன்றில் இருந்தது. கோடுகளைப் பின்னோக்கி இழுத்தால் எல்லாம் டவுனில் ஒரு லாட்ஜில் வந்து விழுந்தன; அங்கே சிவப்புப் புள்ளி வைத்தாள். லாட்ஜுக்குப் பின்புறம்தான் விமல்ராஜ் குழுவின் கொட்டகை. லிஸ்பன் இசை விழாக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்து அவனுக்கே அழைப்பு அனுப்பிவிட்டார்கள்.

அந்த விக்கல் வேடியப்பனுடையது. பத்து வருடமாகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில், தன் வீட்டு வாசலில் நின்று அவன் அடித்தது.

விமல்ராஜ் சத்தமில்லாமல் விமானம் ஏறியிருக்கலாம். வரைபடத்தை ஃப்ளெக்ஸாக அடித்து, ஐரோப்பாவை மறைக்கும் அளவுக்குத் தன் முகத்தைப் போட்டு, பட்டப்பகலில் வேடியப்பன் வீட்டுக்கு எதிரே கட்ட வந்தான். ஏணி உச்சியிலிருந்து சொன்னான்: "லிஸ்பன்லேந்து உனக்கு ஒரு சென்ட்டு பாட்டில் வாங்கினு வரேன் மாமா."

வேடியப்பன் ஏணியை உதைத்தான். விழுந்தவன் எழுந்த வேகத்தில் செங்கல்லை எடுத்து அவன் வாயில் அறைந்தான். பற்கள் தெறித்தன. வேடியப்பன் ரத்தத்தைத் துப்பக்கூட நிற்கவில்லை. ஃப்ளெக்ஸ் கட்டக் கொண்டுவந்த சவுக்குக் கழியைப் பிடுங்கி முழங்காலில், விலாவில், முதுகில் போட்டான். விமல்ராஜ் கவிழ்ந்ததும் அவன் வலது கையை இழுத்துச் சாக்கடைக் கல்லில் வைத்து, மிதித்துக்கொண்டு கழியை இறக்கினான். மூன்று அடி. ஒரு நிறுத்தம். இரண்டு அடி. தாளம் யாருடையது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

செல்போனில் பரவிய அந்தச் சண்டை வீடியோவைத் தேவிப்ரியாவும் பார்த்தாள். நிறுத்தத்தைக் கேட்டதும் கணக்கை மறுபடி பிரித்தாள். பௌர்ணமிக் கூட்டத்தில் அடி அண்ணாமலையில் சிக்னல் செத்துப்போகும். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே பிடித்த வீடியோவை நடந்து முடித்து, லாட்ஜ் வைஃபையில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றிய இடத்தை, அடித்த இடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள், சின்ன வயதிலிருந்து கிரிவலம் நடந்தவள். புள்ளி நகர்ந்தது. அழைப்பும் வேடியப்பனுக்கு நகர்ந்தது.

ஆனால் கையை உடைத்த கேஸில் ஜாமீனில் இருப்பவனுக்கு ஏது பாஸ்போர்ட்?

மாவுக்கட்டோடு விமல்ராஜ் பேரம் பேச வந்தான். கேஸை வாபஸ் வாங்கிக்கொள்வான். புள்ளி மட்டும் டவுனுக்குத் திரும்ப வேண்டும். வேடியப்பனே அந்தப் பெண்ணிடம் சொல்லி மாற்றட்டும். புள்ளியைப் பாதி வழியில் வைத்துக்கொள்ளலாமா என்று வேடியப்பன் கேட்டுப் பார்த்தான்.

"ஒரு அடி கம்மி பண்ணமாட்டேன். நீ போய் வாசி, பேரு எனக்கு."

வேடியப்பன் மலையை ஒருமுறை பார்த்தான். உள்ளே போய்ப் பம்பைக் குச்சியை எடுத்துவந்தான். சவுக்குக் கழி போலீஸிடம் இருந்தது.

"புள்ளி இங்கதான் இருக்கும். இடது கைய நீட்டு."