மணிக்கூண்டைத் தாண்டி

மகள் பதினோரு நாளாக மணிக்கூண்டிலேயே சிக்கிக் கிடந்தாள். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கணினியைத் திறந்து பார்த்தான். அன்றைக்கும் அதே இடம்தான்.

அந்த மணிக்கூண்டு இருந்தது, அவன் பள்ளிக்கூட வயதில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டில். அந்தக் காலத்துக் கணினி விளையாட்டுகளைத் தூசி தட்டி, இன்றைய கணினிகளில் ஓடும்படி செய்து விற்கிற இணையக் கடை ஒன்று இருக்கிறது. குடும்பம் ஒன்றாக இருந்தபோது, அதில் தன் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, மகளுடைய கணினியில் இறக்கிக் கொடுத்தவன் அவன்தான். இரண்டே வாரத்தில் அவனை மிஞ்சிவிட்டாள். "நீங்க ஓரமா உக்காருங்கப்பா. உங்க ஆட்டத்தைப் பார்த்தா பூதத்துக்கே பாவமா இருக்கு" என்பாள். பிறகு வீடு இரண்டானது. பதினாறு வயதில், அப்பாவைப் பார்க்க விருப்பமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் அம்மாவுக்குப் போன் செய்தால், "அவளா தோணினா பேசுவா. நான் சொல்லிக் கேக்குற வயசா அது?" என்பதோடு முடிந்துவிடும். அந்தக் குரலில் கோபம்கூட மிச்சமில்லாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன், வாடகை அறையில் பொழுது போகாமல், யாரோ கழித்துப்போட்ட கணினியை வாங்கி அதே கணக்கில் அந்த விளையாட்டை இறக்கினான். கடையின் ஏற்பாடு அப்படி: ஆட்டத்தை எங்கே நிறுத்திச் சேமித்தாலும் அதன் நகல் கடைக்குப் போய்விடும், அதே கணக்கில் வேறு எந்தக் கணினியில் திறந்தாலும் அங்கேயும் வந்து நிற்கும். சேமிக்க மொத்தம் பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது எழுத்துக்குள் ஒரு பெயர் வைக்கலாம். பத்தும் நிரம்பியிருந்தன. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தாள். 'நாளைக்கு டெஸ்ட்'. 'தூக்கம் வரல'. 'அம்மா அழறாங்க'. 'முடி வெட்டியாச்சு'. பக்கத்தில் தேதியும் நேரமும் ஆட்டம் நிற்கிற இடமும். அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அன்று முதல் தினமும் படித்தான். ஒன்றையும் தொடவில்லை.

இப்போது பத்தாவது கட்டத்தில், 'இதோட விட்டுடுவேன்' என்றிருந்தது.

விளையாட்டை விட்டுவிட்டால் எழுத்தும் நின்றுபோகும். ஞாயிறு மதியம் அவன் அந்தக் கட்டத்தைத் திறந்தான். கூண்டின் படிகளில் வௌவால்கள் மேலே விழுந்து பிடுங்கின. பெரிய முள் பன்னிரண்டைத் தொடுகிற கணத்தில் தாவ வேண்டும். நாலு மணி நேரம் செத்துச் செத்துப் பிழைத்துத் தாண்டினான். மறுபக்கத்து மதிலில் நின்று, அதே கட்டத்தில், அதே பெயரில், ஓரெழுத்துப் பிசகாமல் சேமித்தான். ஏதோ கணினிக் கோளாறு என்று எண்ணிக்கொள்வாள் என நம்பினான். அவள் மாதக்கணக்கில் செலவழிக்காமல் வைத்திருந்த மூன்று விளக்குகளையும் இருட்டில் எரித்துத் தீர்த்திருந்தது சேமித்த பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை அந்தக் கட்டத்தின் பெயர் மாறியிருந்தது: 'யாரு இது'.

அதை அழித்துவிட்டு அவன் தட்டினான்: 'அப்பா தான்மா'.

செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்திருந்தது: 'எத்தனை நாளா'.

கூட வேலை பார்ப்பவனுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். செருப்பு மாட்டவே கால் மணி நேரம் எடுப்பான் என்பதால் வைத்தது. அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

"மூணு நாளுன்னு போடுண்ணே," என்றான் மின்னல். "பொண்ணு டைரியை அப்பன் மாசக்கணக்கா படிச்சேன்னா, கொஞ்சவா போறா?"

"பொய் சொல்லிச் சொல்லித்தான்டா இங்க வந்து நிக்கிறேன்."

"அத்தனைக்கு அப்புறம் இன்னொண்ணு சொன்னா மட்டும் குறைஞ்சிடுமா?"

சாயங்காலம் அவன் உண்மையையே தட்டினான்: 'ஏழு மாசம்'. மன்னிப்புக் கேட்கவும் இடமிருந்தது. எந்தச் சொல்லை வைத்தாலும் பேரம் பேசுவதுபோலத் தெரிந்ததால் விட்டுவிட்டான்.

புதன்கிழமை பத்துக் கட்டங்களும் காலியாக இருந்தன.

வியாழக்கிழமை, ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்காவது மாடிக்குக் கீழே லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கடையிலிருந்து மின்னஞ்சல். கணக்கின் முகவரி மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது நீங்கள் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே அழுத்தவும். புதிய முகவரியில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது, மீதி நட்சத்திரக் குறிகள். அது அவன் அவளுக்கு வைத்த பெயரின் எழுத்து இல்லை. அழுத்தினால் கணக்கு அவனுடையதாகவே இருக்கும், கடை அவளை வெளியே தள்ளிவிடும். அழுத்தாவிட்டால் அவளுக்கும் அவனுக்கும் நடுவே பிறகு எதுவுமில்லை.

"அண்ணே, மேல ஏத்தட்டுமா?" மோட்டார் அறையிலிருந்து மின்னல் கத்தினான். "அஞ்சாவது மாடி அம்மா பொத்தான்லேருந்து விரலையே எடுக்கலையாம். நாம லிஃப்டைத் திருடிட்டுப் போயிட்டதா நெனச்சிட்டாங்கபோல."

"ஒரு நிமிஷம் இருடா."

"அதான் அரை மணியா சொல்றியே."

அவன் கண் போனிலேயே இருந்தது. தொடாவிட்டால் போனின் திரை அணைந்துவிடும். அணைந்துவிடாதபடி, 'இங்கே அழுத்தவும்' என்ற எழுத்துகளில் படாத ஓர் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான்.