எர்த்து போட்ட இடம்

கன்னியப்பன் கம்ப்யூட்டர் வாங்கிய கதையை மானாம்பதியில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். மைக்செட் வைத்திருக்கிறவன் இன்னொரு ஜோடி குழாய் ஸ்பீக்கர் வாங்கினால் அதில் ஒரு நியாயம் உண்டு. இவனோ இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடையில், ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரத்தில், வீட்டிலேயே பாட்டுப் பதிவு பண்ணப் போகிறேன் என்று மூன்று தடவை சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வந்தான்.

முதல் தடவை கடைக்காரன் கேட்டான், "ஆபீஸுக்கா, கேம்ஸுக்கா?" பாட்டுக்கு என்றதும் அவன் முழித்தான். இவனும் முழித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டான். அடுத்த தடவை கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிற ஆளைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து விவரம் கேட்டான். பெரிய பிராசஸர் என்று பீற்றிக்கொள்ளாதே, அந்தக் காசை நல்ல சவுண்ட் கார்டிலும் மெமரியிலும் போடு என்றார் அவர். ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும்; ஒன்று விண்டோஸுக்கு, ஒன்று பாட்டுக்கு மட்டும். இரண்டையும் ஒன்றிலேயே வைத்தால் பாட்டு நடுவில் திக்கும். சாஃப்ட்வேரில் அறுபத்து நான்கு குரல்களைத் தனித்தனியாகப் பதிகிற பெரியது ஒன்று இருந்தது. பதிவு பண்ண, வெட்ட, ஒட்ட, இரைச்சல் எடுக்க என்று சின்னது ஒன்றும் இருந்தது. கன்னியப்பன் சின்னதையே எடுத்தான். அறுபத்து நான்கு பேர் பாட மானாம்பதியில் யார் இருக்கிறார்கள்?

நடு அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினான். கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று சுவரில் ஓட்டை போட்டு, பெட்டியை மட்டும் சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். ஒயர்கள் ஓட்டை வழியாக அறைக்குள் வந்தன. ஊர் சிரித்தது இதற்குத்தான். அவன் மனைவி சிட்டம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் எதற்குமே அதிகம் சிரிப்பதில்லை. ஏழு வருஷமாக அப்படித்தான்.

எல்லாம் மாட்டி முடித்து, யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் பதிவு பண்ணி, ஹெட்ஃபோனைக் காதில் வைத்தபோதுதான் அது கேட்டது. அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, ம்ம்ம் என்று ஒரு முனகல்.

மைக் ஒயரை மாற்றினான். சவுண்ட் கார்டைக் கழற்றி வேறு இடத்தில் சொருகினான். டியூப் லைட்டை அணைத்தான், மானிட்டரை நகர்த்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கழனிக்கு மும்முனை கரண்ட் விடுகிற நேரத்தில் முனகல் கொஞ்சம் ஏறியது, மற்ற நேரத்தில் இறங்கியது. முற்றாக ஒரு நாளும் போகவில்லை. நான்கு நாளில் கன்னியப்பனுக்குச் சோற்றுக் கவளத்தைத் தூக்கும்போதும் அது கேட்டது.

"இன்னா மாமா, சாப்பிடாம யோசிச்சிகினு கீற?" என்றாள் சிட்டம்மாள்.

"ஒரு சத்தம்மே. பேஜார் பண்ணுது."

"குடு, கேக்கறேன்."

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். உட்காரவில்லை, நின்றபடியே கேட்டாள். கண்ணை மூடினாள். ஒரு நிமிஷப் பதிவுதான், முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும் மெதுவாகக் கழற்றிக் கொடுத்தாள்.

"கரண்டு சத்தம் இல்ல மாமா இது. கொயந்த அய்வுறதுக்கு முன்னாடி முனகுமே, அந்த மாதிரி கீது."

கன்னியப்பன் ஹெட்ஃபோனை வாங்கிக் கீழே வைத்தான். குழந்தை என்ற வார்த்தையை அந்த வீட்டில் அவர்கள் பேசுவதே இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் திருமுக்கூடல் திருவிழாவுக்கு அவன் மைக்செட் கட்டப் போயிருந்தான். சிட்டம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஒரு ஆள் சைக்கிளில் வந்து சொன்னான். தலைப்பிரசவம், நேரமாகும் என்று இவனே முடிவு பண்ணிக்கொண்டு, சாமி ஊர்வலம் முடியட்டும் என்று பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, அழவே இல்லை என்றார்கள். கண் திறக்காத பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பெண்களே எங்காவது ஒதுக்குப்புறமாகப் புதைத்துவிடுவார்கள். எங்கே என்று ஆண்கள் கேட்பதில்லை, பெண்களும் சொல்வதில்லை. கேட்காமல் இருக்க ஒரு வழக்கம் கிடைத்ததில் அன்றைக்குக் கன்னியப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றைக்கும் அவன் தன்னையே வெறுத்தான்.

அதற்கப்புறம் சிட்டம்மாள் அந்தப் பெட்டியைச் சும்மா விடவில்லை. சமையல் நடுவில் ஈரக்கையை அதன் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் அவன் பார்த்துப் பதறிக் கையைத் தட்டிவிட்டான்.

"லேசா சுர்ருனுது, அவ்ளோதான்" என்றாள். "சின்ன வெரலால தொடற மாதிரி கீது."

கன்னியப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. இரைச்சலை எடுத்தே தீருவது என்று உட்கார்ந்தான். சாஃப்ட்வேரில் அதற்கு ஒரு வழி இருந்தது. யாரும் பேசாத ஒரு துண்டை அடையாளம் காட்டி இதுதான் இரைச்சல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், அது எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் துடைத்துவிடும். அவன் இரண்டு வரி பாடிப் பதிந்து, துடைத்துப் பார்த்தான். முனகல் போய்விட்டது. ஆனால் அவன் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது.

சிட்டம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தொடச்சது எங்க மாமா போச்சி?"

"எங்கியும் போவாது. இல்லாம பூடும்."

"மேல இன்னாமோ எய்தியிருக்கே, அது இன்னா?"

"அன்டைட்டில்டு. இன்னும் பேர் வெக்காததுன்னு அர்த்தம். பேர் வெச்சாத்தான் உள்ள எடுத்து வெச்சிக்கும். இல்லாங்காட்டி, மூடும்போது தூக்கிப் போட்டுடும்."

அவள் முகம் மாறியதை அவன் பார்த்தான். எதற்கென்று அப்போது அவனுக்குப் புரியவில்லை. டெஸ்ட் ஏழு என்று பெயர் போட்டு மூடிவிட்டு எழுந்தான்.

வெள்ளிக்கிழமை பாக்கியமேரி வருவதாக இருந்தது. மாதா கோயில் திருவிழாவுக்குப் பத்துப் பாட்டு கேசட் போட வேண்டும் என்று, காஞ்சிபுரத்து ஸ்டுடியோவை விட்டுவிட்டு இவனை நம்பி ஒத்துக்கொண்டிருந்தாள். முதல் கிராக்கி அவள்தான். பதிவில் முனகல் வந்தால் அவள் காஞ்சிபுரத்துக்கே போய்விடுவாள், கன்னியப்பனின் ஸ்டுடியோ திறப்பதற்கு முன்பே மூடிவிடும். அதைவிட அவனுக்குப் பயம் வேறொன்று. இன்னும் பத்து நாள் அந்தச் சத்தம் வீட்டில் இருந்தால் சிட்டம்மாள் என்ன ஆவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை எலக்ட்ரீசியன் எல்லப்பனைக் கூட்டிவந்தான். அவன் டெஸ்டரைப் பெட்டித் தகரத்தில் வைத்தான். விளக்கு எரிந்தது; தகரத்தில் கரண்ட் கசிகிறது.

"டேய் கன்னி, வூட்ல எர்த்தே இல்லியேடா. அந்தக் காலத்து தண்ணிக் குயாய்ல ஒயர சுத்தி வெச்சிருக்கானுங்க. குயாயே இல்ல, அப்பறம் எங்கேந்து எர்த்து? சத்தம் மட்டுமா, ஒரு நாளிக்கு ஆளையே தூக்கிடும்."

"இப்ப இன்னா பண்றது?"

"குயி தோண்டி கம்பி எறக்கு. கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு போட்டு மூடு. தெனம் தண்ணி ஊத்து. ஈரமா கீற எடமாப் பாத்து தோண்டணும், அதான் முக்கியம். காஞ்ச மண்ல போட்டா போட்டதே வேஸ்ட்டு."

வியாழக்கிழமை காலையில் சிட்டம்மாள் புள்ளலூரில் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். கன்னியப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தான். அந்த வருஷம் ஈரமான மண்ணுக்கு எங்கே போவது? கிணற்றடியே காய்ந்து கிடந்தது. பின்சுவரை ஒட்டி, துவைக்கிற கல்லுக்கு அப்பால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் முழ அளவுக்கு அருகம்புல் பச்சையாக இருந்தது. மண்ணைக் கிள்ளிப் பார்த்தான், விரலில் ஒட்டியது. துவைக்கிற தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே கடப்பாரையைப் போட்டான்.

மண் வெண்ணெயாக விட்டுக்கொடுத்தது. மூன்றடி ஆழத்தில் மக்கிய துணி வந்தது. கூடவே பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் இரண்டு. யாரோ குப்பை புதைத்திருக்கிறார்கள் என்று அவற்றை மண்ணோடு அள்ளித் தென்னைமரப் பாத்தியில் கொட்டினான். செம்புக் கம்பியை இறக்கினான். கரி, உப்பு, கரி, உப்பு. ஒரு மூட்டைக் கல்லுப்பு முழுவதையும் கொட்டி மூடி, ஒயரை இழுத்துப் பெட்டியோடு சேர்த்தான்.

ஹெட்ஃபோனைக் காதில் வைத்தான். ஒன்றுமில்லை. தன் மூச்சு மட்டும்தான் கேட்டது. கன்னியப்பன் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான்.

மதியம் திரும்பிய சிட்டம்மாளை வாசலிலேயே பிடித்து அறைக்குள் இழுத்துவந்தான். "இப்ப கேளு."

அவள் கேட்டாள். கொஞ்ச நேரம் ஹெட்ஃபோனைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"காணமே."

"போச்சிமே. எல்லப்பன் சொன்ன மாதிரி எர்த்து போட்டேன்."

"எங்க போட்ட?"

அவன் கூட்டிப்போய்க் காட்டினான். கொல்லைக் கதவைத் தாண்டியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது காலி உப்பு மூட்டை. அப்புறம் புதுமண். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"அன்னிக்கும் உப்புதான் கொட்டினாங்க. எங்கம்மா ஒரு மொறம் உப்பு கொட்டிச்சி. எம் பொடவையக் கியிச்சித்தான் சுத்தினாங்க. கைல போட அதுக்குன்னு வளையல் ஒண்ணுமில்ல. நான் போட்டிருந்தத ஒடச்சிப் போட்டேன்."

கன்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப இந்த ஈரம்..."

"நான் ஊத்தின தண்ணிதான். ஏயு வருசமா ஊத்தறேன். தாகமா இருக்குமேன்னு."

ஊரெல்லாம் காய்ந்து கிடந்தபோது, குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நின்ற அந்தக் கோடையில், தன் குடத்தில் ஒரு சொம்பு குறைத்து அவள் இங்கே ஊற்றியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் ஒரு நாளும் பார்க்கவில்லை. அன்றைக்கு வராமல் போனது ஒரு தப்பு என்றால், ஏழு வருஷம் கேட்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அது அவனுக்கு அந்தச் சுவரோரத்தில் நன்றாகவே விளங்கியது.

தென்னைமரப் பாத்திக்குப் போய் முட்டி போட்டான். கையாலேயே மண்ணைத் துழாவினான். துணி கிடைத்தது. வளையல் துண்டு ஒன்று உடனே கிடைத்தது. இன்னொன்றுக்கு வெகு நேரம் தேடி, விரலைக் கீறிக்கொண்டு எடுத்தான். இரண்டையும் துணியில் வைத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கம்பியைப் பிடுங்கினான். தோண்டிய மண்ணையெல்லாம் ஒரு கை விடாமல் கூட்டி எடுத்து வந்தான். துணியையும் வளையலையும் சிட்டம்மாள்தான் உள்ளே வைத்தாள். இருவருமாக மூடினார்கள். அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், வழக்கமாக அவளே ஊற்றுவதை இன்றைக்கு அவன் கையில் கொடுத்தாள். அவன் ஊற்றினான்.

"கிணத்துப் பக்கமா வேற குயி தோண்டறேன்" என்றான் கன்னியப்பன். "ஈரம் இல்லாங்காட்டியும் பரவால்ல. நானே தண்ணி ஊத்தி ஈரமாக்கறேன். மேரிகிட்ட ரெண்டு நாள் கயிச்சி வரச் சொல்லிக்கலாம். வராட்டி போவட்டும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் எழுந்து கிணற்றுப் பக்கம் போகவில்லை, நடு அறைக்குப் போனாள். அவனும் பின்னால் போனான். பெட்டி எர்த்து இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். முனகல் திரும்பி வந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது.

"வேற குயி போட்டா இது போய்டுமா?"

"போய்டும்."

"அதுக்கு முன்னாடி இத்தப் புடிச்சி வெச்சிக்க முடியுமா மாமா?"

கன்னியப்பன் மைக்கை ஆன் செய்து சிவப்புப் பட்டனை அழுத்தினான். இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் ஒரு பஸ் போயிற்று, எங்கோ ஒரு மாடு கத்தியது. அவை எதுவும் முட்டை அட்டையைத் தாண்டி வரவில்லை. திரையில் பச்சைக் கோடு லேசாக நடுங்கிக்கொண்டே போனது. மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம். அவள் கையைக் காட்டியதும் நிறுத்தினான்.

சின்னக் கட்டம் ஒன்று வந்து பெயர் கேட்டது. அவன் கை பழக்கத்தில் டெஸ்ட் என்று அடிக்க டி எழுத்தைத் தேடிப் போய், நடுவிலேயே நின்றது.

"இன்னா பேர் வெக்கலாம்?" என்று கேட்டான். ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சிட்டம்மாள் யோசிக்கவே இல்லை.

"பவுனு. வயித்துல இருக்கும்போதே அப்டித்தான் கூப்ட்டுகினு இருந்தேன்."

கன்னியப்பனுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஒற்றை விரலால் பி தேடி அழுத்தினான். அப்புறம் ஏ. கண்ணீர் மறைத்ததால் மூன்றாவது எழுத்து இருக்கும் இடம் தெரியவில்லை. சிட்டம்மாள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, மகளுக்குப் பெயர் வைத்தார்கள்.