அக்கா வீட்டுக் கட்டில்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நெடுமாறன் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. தனக்குப் பதிலாக ஒரு கட்டிலைச் சொல்ல வைத்தான். வாயால் சொல்லியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும்.

உழவர்கரையில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. மில்லை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் அப்பா கட்டியது. பூச்சு வேலை முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ஜெயமும் அவனும்தான் இருந்தார்கள். அவன் சேதராப்பட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். நல்ல பையன், குடி கிடையாது, சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுப்பவன். அந்தத் தகுதி போதாதென்று தாயும் மகனும் நினைத்ததுதான் வினை.

பாகூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் ஜெயம் உள்ளறையை ஒரு பார்வை பார்த்தாள். சுவரில் நாலு ஆணி, ஆணியில் சட்டை, மூலையில் ஒரு மடக்குக் கட்டில்.

“இதப் பாத்தா பொண்ணு குடுப்பாங்களாடா? அக்கா வூட்டு கட்டில ஒரு நாளைக்கு எடுத்தாந்து போடலாம்” என்றாள்.

அக்கா கமலவேணி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள் கல்யாணத்துக்கு அப்பா சீராகச் செய்த தேக்குக் கட்டில் அது. தலைமாட்டில் பெரிய தாமரை செதுக்கியிருக்கும். மின்சாரம் நின்ற ஒரு மாலையில், தெரு இருட்டாக இருக்கும்போதே, கட்டிலைக் கழற்றி இரண்டு நடையில் கொண்டு வந்து பூட்டினார்கள். இலவம்பஞ்சு மெத்தையும் கூடவே வந்தது.

மறுநாள் வந்த பெண்ணின் அப்பா தணிகாசலம் விவசாயி. மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். ஓரமாக உட்கார்ந்து, வேட்டி அழுக்கு பட்டுவிடுமோ என்பதுபோல உடனே எழுந்துகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“கட்டிலு மெத்தைன்னு எல்லாம் தயாரா இருக்குதுங்களே. சீருல கட்டிலு போட ஒரு தொகை எடுத்து வெச்சிருந்தேன். நீங்க தப்பா நெனைக்கலன்னா அத அமுதாவோட பி.எட். படிப்புக்குக் கட்டிடறேன். படிப்புன்னா அதுக்கு உசுருங்க.”

“அதுக்கென்னாங்க சம்மந்தி, தாராளமா கட்டுங்க. கட்டில் மேல கட்டில் போட்டா படுக்கப் போறாங்க?” என்றாள் ஜெயம்.

எல்லாரும் சிரித்தார்கள். நெடுமாறனும் சிரித்தான். பிற்பாடு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவனுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கட்டில் அக்கா வீட்டுக்குத் திரும்பியது. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. படுக்கையறைக்கென்று அவன் கையில் ஏழாயிரம் ரூபாய் இருந்தது. நெல்லித்தோப்புப் பக்கம் கடை கடையாக ஏறினான். ஒரு கடையில் இரும்புக் குழாயில் செய்த கட்டில் காட்டினார்கள். மேலே பலகை, அதற்குத் தென்னை நார் மெத்தை. உட்கார்ந்து பார்த்தான், படுத்தும் பார்த்தான். கிரீச்சென்று ஒரு சத்தம் இல்லை. முதுகு நேராக நின்றது. விலையும் ஐந்தாயிரத்துக்குள். மனுஷன் புத்தியோடு இருந்தால் அன்றைக்கே வண்டி வைத்திருப்பான்.

“தேக்குல, தாமரை வெச்சது இருக்குதுங்களா?” என்று கேட்டான்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எவ்ளோ வெச்சிருக்க தம்பி?”

சொன்னான்.

“அதுக்குத் தாமரை ஸ்டிக்கருதான் வரும்” என்றார் அவர்.

காது சிவக்க வெளியே வந்தான். மாமனார் கையால் அழுத்திப் பார்த்த கட்டில் வேறு, மகள் வந்து படுக்கப்போகும் கட்டில் வேறு என்றால் எந்த முகத்தோடு நிற்பது? அந்தக் கேள்விக்குப் பயந்தே இரும்புக் கட்டிலை விட்டான். ஏழாயிரத்தை வேறு வழியில் கரைத்தான். சுவருக்கு ரோஸ் வண்ணம் அடித்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி ஜன்னல் திரை, தலையணை உறை, பிளாஸ்டிக் பூஜாடி வாங்கினான். கண்ணாடி வைத்த சின்ன அலமாரி ஒன்றை ஆணி அடித்து மாட்டினான். அறை அழகாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் வெறும் தரை.

ஜெயம் அவனையும் கூட்டிக்கொண்டு மகளிடம் போய் உட்கார்ந்தாள். “மூணு மாசம் குடுடி. தம்பி மானம் போவக்கூடாது” என்றாள்.

கமலவேணிக்கு இரண்டாவது பிரசவத்திலிருந்து முதுகுவலி. தரையில் படுக்காதே என்று கோரிமேட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அது நெடுமாறனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதே அவன்தான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

“எடுத்துட்டுப் போடா. பாயில படுத்தா செத்தா பூடுவேன்?” என்றாள் அவள்.

கல்யாணம் நடந்தது. அமுதவல்லி வந்தாள். ரோஸ் சுவரையும் திரையையும் தாமரையையும் பார்த்து, “நீங்களேவா எல்லாம் பண்ணீங்க?” என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் கணவனை நினைத்துப் பெருமைப்பட்டாள். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருந்தும் புத்தகங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு அட்டை போட்டாள். அவள் சந்தோஷமாக இருக்க இருக்க அவனுக்கு அந்தக் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட உடம்பு கூசியது.

புது ஜோடிக்குச் சொந்தக்காரர்கள் விருந்து வைக்க வேண்டுமே. ஊர் முழுக்கச் சாப்பிட்டாகிவிட்டது, கூடப் பிறந்தவள் வீட்டை மட்டும் எப்படித் தள்ளுவது? மூன்றாவது ஞாயிறு கமலவேணி வீட்டுக்குப் போனார்கள். வஞ்சிர வறுவல், கோழிக் குழம்பு, பாயசம். அக்கா புருஷன் கிருஷ்ணசாமி நெடுமாறன் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினார். உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. தப்பித்தோம் என்று நெடுமாறன் வெற்றிலை போட்டான்.

விருந்தென்றால் கடைசியில் கல்யாண ஆல்பம் வரும். வீட்டுக்கு வந்த புதுப் பெண்ணுக்கு அதைக் காட்டாமல் யாரும் அனுப்புவதில்லை. கமலவேணி பழக்கதோஷத்தில் பீரோ மேலிருந்த ஆல்பத்தை எடுத்து, தூசி தட்டி, அமுதவல்லி மடியில் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் அமுதவல்லி பக்கம் புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மாலை மாற்றியது, தாலி கட்டியது, அடுத்து சீர்வரிசைப் படம். குடம், கிரைண்டர், பீரோ என்று வரிசையாக அடுக்கி, நடுவில் கட்டிலைப் போட்டு, அதில் கமலவேணியையும் கிருஷ்ணசாமியையும் உட்கார வைத்து எடுத்திருந்தார்கள். இரண்டு பேர் தலைக்கும் நடுவில் தாமரை.

அமுதவல்லியின் விரல் அங்கேயே நின்றது. புரட்டவில்லை.

“இந்தக் கட்டில் எங்க அண்ணி?”

“அது... பாலிஷ் போடக் குடுத்திருக்குது” என்றாள் கமலவேணி. பாவம், அவளுக்கும் பொய் வராது.

அமுதவல்லி எழுந்து உள்ளறைக் கதவைத் தள்ளினாள். தரையில் பாய், ஒரு தலையணை, பக்கத்தில் வெந்நீர்ப் பை. நெடுமாறன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணசாமி அப்போதுதான் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார்.

வழியில் அவள் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் அவள் புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கினாள், விரிப்பை உருவினாள், மெத்தையைச் சுருட்டினாள். ஜெயம் பதறிப்போய், “பொழுது சாயட்டும்மா, தெருவே பாக்குது” என்றாள்.

“இருட்டுலதான வந்துது அத்த? வெளிச்சத்துல போவட்டும்.”

மூன்று மணி வெயிலில், மூன்று சக்கர வண்டியில் தாமரையை மேலே வைத்துக் கட்டி, நெடுமாறன் பின்னால் நின்று தள்ளினான். அமுதவல்லி மெத்தையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். தெருக்குழாயடியில் அஞ்சலாட்சி குடத்தோடு நின்றிருந்தாள்.

“என்னா மாறா, கல்யாணமாயி மாசம் ஆவல, அதுக்குள்ள கட்டில விக்கிறியா?”

“விக்கலக்கா. எங்க அக்காவோடது.”

“என்னா சொல்ற? காதுல வுழல.”

“எங்க அக்காவோட கட்டிலுக்கா” என்றான் உரக்க. குழாயடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பிடரியில் அந்தப் பார்வை இரண்டு தெருவுக்கும் கூடவே வந்தது. கமலவேணி வாசலில் நின்று அழுதாள், திட்டினாள், பிறகு வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

திரும்பி வரும்போது பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போன் முன்னால் அமுதவல்லி நின்றுவிட்டாள்.

“எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா புருஷனக் காட்டிக் குடுத்தவளாவேன். சொல்லலன்னா அப்பன ஏமாத்துனவளாவேன்.”

அவன் காசைப் போட்டான். தணிகாசலம்தான் எடுத்தார்.

“மாமா, ஒண்ணு சொல்லணும். நீங்க அன்னிக்குப் பாத்த கட்டில் எங்களுது இல்லீங்க. அக்கா வூட்டுது. இன்னிக்குத் திருப்பிக் குடுத்துட்டோம். எங்க வூட்ல கட்டில் இல்லீங்க மாமா.”

திட்டப்போகிறார் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“புரியுதுங்க மாப்ள” என்றார் அவர். குரல் மிகவும் பணிந்திருந்தது. “நீங்க வாய்விட்டுக் கேக்கற மாதிரி நான் வெச்சிருக்கக் கூடாது. தப்பு எம்மேலதான்.”

“ஐயோ, நான் அதுக்குச் சொல்லல மாமா...”

“பரவால்லீங்க. ரெண்டாவது தவண ஃபீசுக்கு எடுத்து வெச்சது அப்படியேதான் கெடக்குது. அதுல ஆடிக்குள்ள கட்டில் போட்டுடறேன். படிப்பு எங்க போவப் போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம். அமுதாவ மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

“மாமா, எனக்கு கட்டிலே வேணாம்...”

“உங்க பெரிய மனசு அப்படிச் சொல்லச் சொல்லுது. வெச்சிடறேங்க மாப்ள, உங்களுக்குக் காசு ஓடும்.”

வைத்துவிட்டார். நெடுமாறன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

“என்னா சொன்னாரு?”

“கட்டில் வாங்கித் தர்றேன்னாரு.”

“எந்தப் பணத்துல?”

அவன் ரிசீவரைக் கொக்கியில் மாட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

“நீயே பேசு அமுதா. நீ சொன்னா கேப்பாரு” என்றான்.

“நான் பேசுனா, பக்கத்துல நின்னு நீங்க சொல்லச் சொல்றீங்கன்னுதான் நெனப்பாரு” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

நெடுமாறன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். பாகூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றபடியே போனான். எதைச் சொன்னால் அந்த மனிதர் நம்புவார் என்று யோசித்துக்கொண்டே வந்தான். கட்டில் வேண்டாம் என்று சொல்வதற்காக மாமனார் வீடு தேடி வருகிற மாப்பிள்ளையை அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார்.