கடைசி நாள் கையெழுத்து

பங்குச் சந்தைக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில், ஏணியின் மூன்றாம் படியில் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார் தச்சர். இடுப்பில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் அலுவலகம் முழுவதற்கும் அவர் டேப்பு அண்ணன். சந்தை தொடங்கிய நாள்முதல் தலைவராக இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சுவரில் படங்களாக வரிசையில் தொங்கினார்கள். முதலில் தொண்டை கிழியக் கூவி வியாபாரம் செய்த தரகர்கள். ஒரு பெரிய சரிவுக்குப் பிறகு, வெளியிலிருந்து வந்த வங்கிக்காரர்கள். அப்புறம் கணினி படித்தவர்கள். கடைசி ஏழு பேருக்கும் சட்டம் இழைத்து மாட்டியவர் இவர்தான். இருபத்தாறு வருடமாகத் தினக்கூலி.

பதவியில் இருப்பவரின் படத்தை மாட்டுவதில்லை என்பது அங்கே வழக்கம். விடைபெறும் நாள் மாலையில் தலைவர் தாழ்வாரத்துக்கு வந்து, தன் படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். மாடியறையிலேயே இருக்கும் தலைவரை டேப்பு அண்ணன் நேருக்கு நேர் பார்ப்பது அந்த ஒரு நாளில்தான். கைதட்டல் ஓய்ந்ததும் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டுவார். வேலையை நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் இருமுறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

தலைவர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஏழாமவரும் அன்று மாலை, "நல்ல தொழிலாளி. ஆவன செய்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்துக் காரேறினார்.

மறுநாள் காலை பணியாளர் பிரிவு அம்மா கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்.

"உக்காருங்கண்ணே. ஏழு மனுவும் பத்திரமா இருக்கு. ஆனா தேதியைப் பாருங்க. எல்லாமே அவங்க கிளம்புன நாள். மத்தியானமே பொறுப்பை ஒப்படைச்சிடறாங்க. சாயங்காலம் போடற கையெழுத்து செல்லாது."

"தலைவர் கையெழுத்துதானேம்மா?"

"முன்னாள் தலைவர் கையெழுத்து. புதுசா வந்தவங்ககிட்ட குடுத்திருந்தா ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும்."

"வர்றவங்களை நான் எங்கம்மா பாத்தேன்? போறவங்களைத்தானே பாத்தேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப வர்றவர்கிட்ட கேக்கலாம்னா, போன மாசத்தோட உங்களுக்கு வயசு வரம்பு தாண்டிருச்சு. நானே இந்தப் பிரிவுக்கு வந்து நாலு மாசம்தான். முன்னாடி இருந்தவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

இத்தனை வருடமும் காலியான நாற்காலியிடம் கெஞ்சியிருக்கிறோம் என்று நினைத்தபோது, அவருக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "செவுத்துல மாட்டற வரைக்கும் அவங்களை மனுசங்களாவே நெனைக்கலையா நீங்க?"

"ஏண்டி, நீ வேற."

"விடுங்க. இனிமே வாரத்துக்கு ஒருதரம் போனா போதும். ரெண்டு தரம் போயி அந்த ஊசியைக் குத்திக்கிறதும் ஒரே ரோதனை." சொல்லிவிட்டு, வீங்கிய பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நூற்றாண்டுக் கண்காட்சிக்காரர் பட்டறைக்கே வந்தார். சந்தையின் தலைவர்கள் வரலாற்றைத் தொகுப்பது அவர் வேலை. கையில் அந்த ஏழு மனுக்கள்.

"அண்ணே, பொக்கிஷம்ணே இது! ஏழு தலைவர்கள் கையெழுத்து, அதுவும் கடைசி நாள்ல போட்டது, வேற எங்கயும் கிடைக்கல. மனு தெரிய வேண்டாம். கையெழுத்து மட்டும் தெரியற மாதிரி மேல அட்டை வெட்டி, கண்ணாடி போட்டுக் குடுத்துடுங்க."

"எப்ப வேணும்?"

"நாளைக்கு. புதுத் தலைவர் வந்து திறக்கறாரு."

கறுப்பு அட்டையில் ஏழு சதுரம் குறித்து, சுத்தமாகக் கீறி எடுத்தார். மனுக்களின் மேல் வைத்துப் பார்த்தார். ஆறு சதுரம் கச்சிதமாக இருந்தது. ஏழாவதில், தலைவரின் கையெழுத்துக்குக் கீழே, மனுவில் டேப்பு அண்ணன் போட்டிருந்த கையெழுத்தின் மேல்பாதி எட்டிப் பார்த்தது. மிச்ச அட்டையிலிருந்து விரலகலத் துண்டு ஒன்றை நறுக்கி, பசை தடவி, அதன்மேல் ஒட்டினார். ஓரம் பிசிறாமல் இருக்கிறதா என்று கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.